இழுபறியில் எடுத்த அளவு: நீரிழிவுள்ள பூனை ஒன்றின் வீட்டுப் பரிசோதனை

செம்பன் விதை நீக்கப்பட்ட ஆண் பூனை. செம்பட்டை நிறம், வயது ஒன்பதுக்கு மேல். திருகோணமலை உவர்மலைப் பக்கத்து வீடு ஒன்றில் வளர்கிறான். வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் படித்த பலரைப் போல நானும் அவரை ரீச்சர் என்றே அழைக்கிறேன். உயர்தரம் படிக்கும் பேரன் அவருடன் இருக்கிறான். இருவரின் சம்மதத்தோடும் இந்த நிகழ்வை எழுதுகிறேன். பூனையைப் பிடித்து அமுக்கி எடுத்த சீனி அளவை நம்பி இன்சுலினைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் பார்த்த நோயாளிகளில் இவனைப் போல் தெளிவாகக் காட்டியவர் வேறு யாருமில்லை.

வந்தபோது இருந்த நிலை

வீட்டார் முதலில் கவனித்தது எறும்புகளைத்தான். மண் தட்டில் செம்பன் சிறுநீர் கழித்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. கிணற்றடி வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தான். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனான். முந்தைய ஆண்டு 6.2 கிலோ இருந்தவன், என்னிடம் வந்தபோது 4.8 கிலோ. நிறுவை மேடையிலிருந்து இறங்கி நடந்தபோது பின்னங்கால்களின் குதி தரையில் படிந்தது. நீண்ட நாள் கட்டுப்படாத சீனி நரம்புகளைத் தாக்கினால் பூனை அப்படித்தான் நடக்கும்.

உணவு சோறும் அவித்த சூரை மீனும். மாலையில் பாலில் ஊறிய பிஸ்கட். தோல் அரிப்புக்காக அவ்வப்போது ஸ்டீராய்டு ஊசியும் போடப்பட்டிருந்தது. பருத்த உடல், நடுவயது கடந்த ஆண், ஸ்டீராய்டு என்று நீரிழிவுக்கு வழிவிடும் காரணங்கள் பலவும் ஒரே பூனையில் சேர்ந்திருந்தன.

கிளினிக்கில் எடுத்த இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 436 மில்லிகிராம். ஆரோக்கியமான பூனைக்கு இது ஏறக்குறைய 70 முதல் 150 வரை இருக்கும். ஆனாலும் இந்த ஓர் எண்ணை வைத்து நான் நோயை உறுதிசெய்யவில்லை. பயந்த பூனையின் சீனி, நீரிழிவு இல்லாவிட்டாலும், 300ஐத் தாண்டக்கூடும். கூடைக்குள் அடைத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருக்க வைத்து எடுத்த அளவு அது. எனவே மண்ணுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த சிறு கூழாங்கற்களைத் தட்டில் பரப்பி, வீட்டிலேயே காலைச் சிறுநீரைச் சேர்த்து, சீனி இருந்தால் நிறம் மாறும் பரிசோதனைப் பட்டியால் சோதிக்கச் சொன்னேன். அடுத்தடுத்த காலைகளிலும் சீனி உச்ச நிறத்தில் தெரிந்தது. இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீற்றோன் இல்லை. எடை இழப்பையும் நடையையும் சேர்த்துப் பார்த்தபோது நோயில் சந்தேகம் எஞ்சவில்லை.

கிளார்ஜின் இன்சுலின் 12 மணித்தியாலத்துக்கு ஒரு முறை 1 அலகு என்று தொடங்கினோம். இது மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட யூ-100 இன்சுலின், இதற்கு அதே அளவுக் குறியிட்ட சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டும். அரை அலகுக் கோடு உள்ளதைத் தேடி வாங்கச் சொன்னேன். சோற்றைப் படிப்படியாகக் குறைத்து மீனையும் அவித்த கோழியையும் கூட்டினோம். பிஸ்கட் நின்றது. அரிப்புக்குக் காரணம் தெள்ளு. அதற்கு மருந்திட்டு ஸ்டீராய்டையும் நிறுத்தினோம்.

இப்படி உணவு, ஸ்டீராய்டு, இன்சுலின் மூன்றையும் ஒரே காலத்தில் மாற்றினால் சீனி ஒரு கட்டத்தில் வேகமாக இறங்கும். இன்று சரியான அளவாக இருக்கும் 1 அலகு அடுத்த மாதம் மிகையாகிவிடலாம். அந்த இறக்கத்தைப் பார்க்க வீட்டுப் பரிசோதனையை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. கிளினிக்கில் நாள் முழுவதும் வைத்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை குத்தினால் பயம் ஒவ்வோர் அளவையும் கெடுக்கும். பேராதனையிலுள்ள கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் கூடையில் போய் இறங்கும் பூனையின் சீனி எதைச் சொல்லும்?

வீட்டில் நடந்தது

ரீச்சருக்கும் நீரிழிவு உண்டு. குளுக்கோமீற்றர் அவரிடம் ஏற்கெனவே இருந்தது, விரலில் குத்திப் பழகிய கையும் இருந்தது. ஆகவே பிரச்சினை வராது என்று குடும்பம் நினைத்தது. இன்சுலின் ஊசியில் உண்மையில் பிரச்சினை வரவில்லை. செம்பன் தட்டில் முகம் புதைத்திருக்கும்போது தோளுக்கு மேல் தோலைச் சற்றுத் தூக்கிப் போட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதில் ஒரு துளி இரத்தம் எடுப்பதுதான் முடியவில்லை.

“காதைத் தொட்டால் புலி, பிள்ளை. பேரனின் கையைப் பார்” என்றார். முன்கையில் நீளமான கீறல்கள். அவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியரிடம் காட்டும்படி சொல்லிவிட்டு, அடுத்த பரிசோதனையைக் கைத்தொலைபேசியில் காணொளியாக எடுத்து அனுப்பக் கேட்டேன். முரண்டு பிடிக்கும் பூனை வீட்டார் எல்லோரிடமும் இதை நான் கேட்பதுண்டு. “விடுகிறான் இல்லை” என்ற வாய்ச்சொல்லிலிருந்து, எந்தக் கணத்தில் எதை அவன் விடவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். செம்பன் விறாந்தைக் கதிரையில் உறங்குகிறான். குளுக்கோமீற்றர் பையின் சிப் திறக்கும் ஓசை கேட்கிறது. காதுகள் பின்னே சாய்கின்றன. இன்னும் யாரும் அவனைத் தொடவில்லை. பேரன் பிடரியைப் பிடித்துத் தூக்கிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோகிறான். துவாயால் இறுகச் சுற்றுகிறார்கள். முதுகுத் தோல் அலையலையாகச் சிலிர்க்கிறது. ரீச்சர் குத்தும் கருவியைக் காதோடு சேர்த்து வைத்து அழுத்த, அது ‘டிக்’ என்கிறது. ஓசையோடு உடல் முழுவதும் துள்ளுகிறது. இரத்தம் வரவில்லை. காதை நசுக்கிப் பார்க்கிறார்கள், மறுபடி குத்துகிறார்கள், மறுபடியும் ‘டிக்’. ஒரு வழியாகக் கசிந்த துளி உரோமத்தில் பரவிவிடுகிறது, பட்டி அதை உறிஞ்சவில்லை. புதுப் பட்டி, இன்னொரு குத்து. பல நிமிட இழுபறிக்குப் பின் திரையில் ஓர் எண் தெரிகிறது: 391.

குத்து அவனை வருத்தியதற்கான அடையாளத்தை நான் அதில் காணவில்லை. பூனையின் காது விளிம்பில் மெல்லிய குத்து அவ்வளவாக உறைப்பதில்லை. ஓசை, தூக்கிச் செல்லப்படுவது, சுற்றப்படுவது, முடிவில்லாமல் நீள்வது ஆகிய நான்குக்கும்தான் அவன் பயந்தான். துவாயால் சுற்றினால் அடங்கும் பூனைகள் உண்டு, செம்பன் அந்த வகை இல்லை.

“எனக்கு 391 என்றால் ஊசியைக் கூட்டுவார்கள்தானே, பிள்ளை?” என்று ரீச்சர் கேட்டார். முறையான கேள்வி. ஆனால் அதே நாள் காலைத் தட்டில் எடுத்த சிறுநீரில் பட்டி நிறம் மாறவே இல்லை. பூனையின் இரத்தச் சீனி ஏறக்குறைய 270ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். இரவு முழுவதும் சேர்ந்த சிறுநீரில் சீனி இல்லையென்றால் இரவின் பெரும்பகுதியில் இரத்தத்தில் அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 391 எங்கிருந்து வந்தது? பூனைகள் மீது சில நிமிடம் தண்ணீர் தெளித்துச் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. எந்தப் பூனை அதிகம் போராடியதோ அதன் சீனி அதிகம் ஏறியது. போராடும் உடல் வெளிவிடும் ஹோர்மோன்கள் ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்குள் தள்ளுகின்றன. மேசை மீது நடந்ததும் அதுதான்.

“அந்த எண்ணில் பாதி பயம், ரீச்சர். அதற்கு ஊசி கூட்டக் கூடாது” என்றேன்.

இந்த இடத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், இருப்பேன். பூனையை அமைதிப்படுத்திச் சோதிப்பது பூனை மீதுள்ள இரக்கத்துக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. அமைதி இல்லாவிட்டால் கிடைக்கும் அளவே பிழை. அந்தப் பிழையை நம்பி 1 அலகை 2 ஆக்கியிருந்தால், பரிசோதனை முடிந்து பயம் தணிந்ததும் ஏறிய சீனி தானாக இறங்கியிருக்கும், இரட்டிப்பான இன்சுலின் மட்டும் உடலில் நின்றிருக்கும். சீனி மிகையால் பூனை வாரக் கணக்கில் நலிகிறது. சீனி குறைந்தால் சில மணித்தியாலத்தில் வலிப்பு வந்து இறந்துவிடலாம்.

என்ன மாற்றினோம்

முதலில் காதுப் பரிசோதனையையே நிறுத்தினோம். குடும்பத்துக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. 1 அலகை மாற்றாமல் வைத்து, காலைச் சிறுநீரைப் பட்டியால் பார்த்து, குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்து, நடையையும் பசியையும் கவனித்தால் சில நாட்களைக் கடத்தலாம் என்று நான் கணக்கிட்டேன். தள்ளாட்டம், வெறித்த பார்வை, உடல் நடுக்கம் தெரிந்தால் ஈறில் தேனோ சீனிப் பாணியோ தடவி உடனே அழைக்க வேண்டும். வலிப்பு வந்தால் பல்லுக்கிடையே விரலை விடக் கூடாது. தேன் போத்தல் குளிரூட்டி மேலேயே இருந்தது.

அந்த நாட்களில் ரீச்சர் மட்டும் செம்பனோடு பழகினார். பேரனுக்கு அதில் வேலை இல்லை. பிடிப்பவன் என்று பூனை நினைவில் பதிந்தவன் அவன் என்பதால் அவனைக் காட்சியிலிருந்தே நீக்கினோம். இடத்தையும் மாற்றினோம். செம்பன் மாலையில் தானாகவே ஏறிப் படுக்கும் யன்னலோரக் கட்டிலில் ஒரு பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தார். அந்தச் சேலை மீது ஏறினால் அவித்த கோழித் துணுக்கு ஒன்று. காதைத் தொட்டால் ஒன்று. காதை விரலில் மடித்துப் பிடித்தால் ஒன்று. நகத்தால் விளிம்பை மெல்ல அழுத்தினால் ஒன்று. காது பின்னே சாய்ந்தாலோ வால் அடித்தாலோ அன்று அதற்கு முந்திய படியோடு நிறுத்தம். நீரிழிவுப் பூனைக்கு எப்போதும் பசி. பயிற்சிக்கு அந்தப் பசி பெரிய துணை. வேளை உணவுக்கு முன் இவற்றைச் செய்தால் உணவே பரிசாகிவிடும், இன்சுலினுக்கு முந்தைய அளவும் அந்த நேரத்தில்தான் தேவை.

குளுக்கோமீற்றர் பையின் சிப்புக்கும் இதே வைத்தியம். பையைத் திறப்பது, கோழி கொடுப்பது, பையை மூடுவது. வேறொன்றும் செய்வதில்லை. நாளடைவில் சிப் ஓசை கேட்டதும் அவனே கட்டிலுக்கு வரத் தொடங்கினான். மீற்றரின் ‘பீப்’ ஒலியைப் பேரன் அமைப்பில் நிறுத்தினான். வாழ்க்கையில் அவன் அந்தப் பூனைக்குச் செய்த பெரிய உதவிகளில் ஒன்று அது.

குத்தும் கருவியை ஒதுக்கிவிட்டு, அதனுள் இருக்கும் லான்செட் என்ற சிறு ஊசியை வெறுங்கையால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஓசை அதோடு போயிற்று. ரீச்சர் தன் விரலுக்கு வைத்திருந்தது 33 கேஜ். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். பழகாத காதுக்கு அது போதாது, துளி வராது, மறுபடி குத்த நேரும். 28 கேஜ் வாங்கினோம். ஒரே குத்தில் துளி வருவது, மெல்லிய ஊசியால் மூன்று முறை குத்துவதைவிடப் பூனைக்கு நல்லது. தொடர்ந்து குத்தப்படும் விளிம்பில் பிறகு இரத்தம் எளிதாக வரத் தொடங்கும், அப்போது மெல்லிய ஊசிக்கு மாறலாம்.

காதுக்கு ஒத்தடம் மிக முக்கியம். குளிர்ந்த காதில் துளி வராது. சிறு துணிப்பையில் அரிசியை இட்டு வெறுஞ்சட்டியில் சூடாக்கி, தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமான சூட்டில் காதோடு அரை நிமிடம் பிடிப்பார். பிறகு விளிம்பில் வாசலின் மிக மெல்லியதாக ஒரு பூச்சு. இரத்தம் உரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்க அது உதவும், தடிப்பாகப் பூசினால் பட்டியைக் கெடுக்கும். காதின் பின்னால் மடித்த பஞ்சு, குத்து விரலில் இறங்காமலிருக்க. குத்தும் இடம், விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய நாளத்துக்கும் காதின் ஓரத்துக்கும் இடையே உள்ள நூலளவு பகுதி. நாளத்திலேயே குத்த வேண்டியதில்லை. அளவு எடுத்ததும் பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் கன்றிப்போகாது. ஒவ்வொரு முறையும் புது லான்செட், அடுத்த வேளை மற்றக் காது.

பாதத்தின் மெத்தையில் குத்தலாமே என்று பேரன் கேட்டான். சில பூனைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். செம்பன் பாதத்தைத் தொட விடுபவன் அல்ல, மண்ணும் மீன் கழிவும் மிதித்து நடப்பவன். காதையே வைத்துக்கொண்டோம்.

ஒரு விதியை மட்டும் தாளில் எழுதி ஒட்டச் சொன்னேன். ஒரு வேளைக்கு அதிகபட்சம் இரண்டு குத்து. துளி வந்தாலும் வராவிட்டாலும் கோழி உண்டு. அளவு கிடைக்காவிட்டால், செம்பன் வழக்கம்போல் சாப்பிட்டு வழக்கம்போல் நடந்தால் மட்டும் நிர்ணயித்த அளவு ஊசி. சாப்பிடாவிட்டால், வாந்தி எடுத்தால், தள்ளாடினால் ஊசி இல்லை, என்னை அழைக்க வேண்டும். இந்த விதி குடும்பத்தின் பதற்றத்தைக் குறைத்தது. எப்படியும் எடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் போனதும் ரீச்சரின் கை நடுக்கம் நின்றது. அது பூனைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அமைதியாக எடுத்த அளவுகள்

கட்டிலில் கிடைத்த முதல் அளவு 214, இன்சுலினுக்கு முன். அடுத்த வார இறுதியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை எடுத்தபோது ஊசிக்குப் பின் மிகக் குறைந்த அளவு 118 என்று வந்தது. அதே பூனை, அதே மருந்து, அதே 1 அலகு. மேசையில் 391.

மனிதருக்கான மீற்றரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் ஏறக்குறைய 58 வீதம் திரவப் பகுதியிலும் மிகுதி செவ்வணுக்களிலும் இருக்கிறது. பூனையில் ஏறக்குறைய 93 வீதம் திரவப் பகுதியிலேயே உள்ளது. ஆகவே மனிதருக்கான கருவி பூனையின் சீனியைப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். பூனைக்கெனச் செய்த கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரே மீற்றரைத் தொடர்ந்து பயன்படுத்தி, ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் போதும். அந்த மீற்றரில் ஊசிக்கு முன் 150க்குக் கீழே வந்தால் முதலில் என்னை அழைக்க வேண்டும், 65க்குக் கீழே வந்தால் ஊசியே இல்லை, உணவு மட்டும் என்று செம்பனுக்கு வகுத்திருந்தோம்.

கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அறை வெப்பம் 30 பாகையை எளிதில் தாண்டும் ஊர் இது, மார்கழி மழையில் சுவரே வியர்க்கும். இரண்டும் பரிசோதனைப் பட்டிக்குக் கேடு. பட்டிகள் அவற்றின் சொந்தப் போத்தலில், மூடியை இறுக்கி, அடுப்படிக்கு வெளியே இருக்க வேண்டும். இன்சுலின் குளிரூட்டியின் கதவுத் தட்டில், உறைபெட்டிக்கு எட்டவே.

கணிசமான காலம் அளவுகள் 120க்கும் 220க்கும் இடையே நின்றன. பிறகு ஒரு மாலை ரீச்சர் அழைத்தார்: “62 காட்டுகிறது, பிள்ளை. ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், கோழி கேட்கிறான்.” ஊசி போடவில்லை. சாப்பாடு கொடுத்து மறுபடி பார்த்தபோது 97. செம்பனின் சொந்தக் கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அன்று மாலையும் பழைய முறையில் மேசையில் வைத்து எடுத்திருந்தால் 62 என்ற எண்ணை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். பயம் அதை இருநூறு, முந்நூறாக்கிக் காட்டியிருக்கும், ஊசியும் போடப்பட்டிருக்கும்.

அரை அலகாகக் குறைத்தோம். அளவுகள் ஏறவில்லை. நாளுக்கு ஒரு முறை ஆக்கினோம், பின் நிறுத்தினோம். இதை எழுதும்போது இன்சுலின் இல்லாமல் நான்கு வாரத்துக்கும் மேல் கடந்துவிட்டது. எடை 5.4 கிலோ. குதி தரையிலிருந்து எழுந்துவிட்டது, ஆனால் மதிலில் தாவும் பலம் இன்னும் வரவில்லை.

இது அற்புதமொன்றுமில்லை. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 55 பூனைகளுக்குக் கிளார்ஜினும், குறைந்த மாச்சத்து உணவும், வீட்டிலேயே நெருக்கமான இரத்தப் பரிசோதனையும் கொடுத்தார்கள். 64 வீதமானவை இன்சுலின் தேவைப்படாத நிலைக்கு வந்தன. நோய் கண்டு ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் அது 84 வீதம், பிந்தியவற்றில் 35 வீதம் மட்டும். சோதிக்க முடியவில்லை என்று மாதங்களைக் கடத்தும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருப்பது இந்த இடைவெளியால்தான்.

அதே நேரம், காதுப் பரிசோதனைக்கு ஒருபோதும் இசையாத பூனைகளும் உண்டு. வளவில் வளர்ந்து, உணவுக்கு மட்டும் வரும் ஒரு பெண் பூனையை நிலாவெளிப் பக்கத்தில் ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது. அவளை எடை, குடிக்கும் தண்ணீர், சிறுநீர்ப் பட்டி இவற்றை வைத்தே நடத்துகிறோம், அளவைத் தாழ்வாகவே வைத்திருக்கிறோம். சிறுநீர் நேற்றைய நிலையைச் சொல்லும், இந்த நிமிடச் சீனி குறைந்திருக்கிறதா என்று சொல்லாது. அதனால் சிறுநீர்ப் பட்டியை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டுவதில்லை. கபபென்டின் போன்ற அமைதி மருந்தை வைத்தியசாலைக்கு வரும் நாளில் கொடுக்கச் சொல்கிறேன். தினப் பரிசோதனைக்குக் கொடுப்பதில்லை, ஏனெனில் அது தரும் தள்ளாட்டத்தையும் சீனி குறைந்த தள்ளாட்டத்தையும் வீட்டாரால் பிரித்தறிய முடியாது. அந்தக் குடும்பம் செம்பனின் வீட்டைவிடக் குறைவாக அக்கறை காட்டவில்லை. பூனையின் வாழ்க்கை முறை வேறு, அவ்வளவுதான்.

செம்பனுக்கு இப்போது வாரம் ஒரு முறை கட்டிலில் காதுப் பரிசோதனை, மாதம் ஒரு முறை நிறுவை. பயிற்சி மறக்காமலிருக்க, குத்தாத நாட்களிலும் சேலை விரித்துக் கோழி கொடுக்கிறார்கள். நோய் திரும்பி வரக்கூடும், வந்தால் 1 அலகிலிருந்தே மறுபடி தொடங்குவோம். தட்டில் எறும்பு தெரிந்தால் அன்றே அழைக்க வேண்டும். அரிப்புக்கோ வேறெதற்கோ எந்த வைத்தியரிடம் போனாலும் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்பதை அவனது மருத்துவ அட்டையின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.